சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

சிறைக்கோட்டம் அறக்கோட்டமான கதையை மணிமேகலைக் காப்பியத்தில் நாம் மாணவப் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். அமுதசுரபியை ஏந்திச் சிறையுள் புகுந்த அந்த இளந்துறவி, பசித்துக் கிடந்தோர்க்கு முதலில் உணவளித்தாள். அதன் பின்னரே, வேண்டுவது யாதென வினவிய மன்னனிடம், சிறையை ஒழித்து அவ்விடத்தை அறவோர் வாழும் கோட்டமாக்குமாறு கேட்டாள். இந்தக் காட்சியைப் போற்றாத மேடை நம்மிடையே இல்லை. ஆயின் அதே காப்பியத்தின் பிற்பகுதியில் வரும் மற்றொரு காட்சியை மேடைகள் அதிகம் பேசுவதில்லை. மகனை இழந்த அரசி, மணிமேகலையைச் சிறையினின்றும் மீட்டுத் தன்னிடம் வைத்துப் பேணுவதுபோல் நடிக்கிறாள். பித்தேற்றும் மருந்தை ஊட்டுகிறாள். நோயுற்றவள் என்று சொல்லிப் புழுக்கறையில் அடைக்கிறாள்.

பூட்டிய கதவின் பின்னே இரண்டும் நிகழக்கூடும் என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். சிறை அறமாகவும் மாறலாம். அறத்தின் பெயரால் சிறை மேலும் கொடிதாகவும் மாறலாம். எது நிகழ்கிறது என்பதை, உள்ளே இருப்பவர்களின் நிலையைக் கொண்டே அறிய முடியும். வாயிலில் மாட்டியுள்ள பெயர்ப்பலகை அதனைச் சொல்லாது.

காவலுடன் கூடிய உளமருத்துவ விடுதிகளில் 'கூட்டுச் சிகிச்சை' எனப்படும் முறையைப் பரிசோதித்துப் பார்க்கும் முயற்சிகளை இக்கட்டுரை இந்த நோக்கிலேயே ஆராய முற்படுகிறது. இது வைத்தியர்களின் துறைக்குரிய விடயம் அல்லவா, இலக்கிய ஏட்டுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். பேச்சையே மருந்தாகக் கொண்ட சிகிச்சை இது. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், யார் பதிந்துகொள்கிறார், யார் மௌனமாக்கப்படுகிறார் என்பவை இலக்கியத் திறனாய்வு என்றும் எழுப்பிவரும் வினாக்கள். அவற்றை இங்கே எழுப்பாதிருப்பதற்குக் காரணம் எதுவுமில்லை.

முதலில் விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். காவலுடன் கூடிய விடுதிகளில் இருப்போர் யாவர்? குற்றச் செயல் நிகழ்ந்த வேளையில் சித்தம் தெளிவாக இருக்கவில்லை என்று நீதிமன்றத்தால் காணப்பட்டவர்கள். தம்மீதுள்ள வழக்கை விளங்கிக்கொள்ள இயலாதவர்கள். மறியற்சாலையில் இருக்கும்போதே நோய்ப்பட்டவர்கள். இவர்களுடைய அவலம் இரட்டிப்பானது. ஏனைய நோயாளரைப்போல் குணம் கண்டதும் தாமே எழுந்து வீடு செல்ல இவர்களால் இயலாது. ஏனைய கைதிகளைப்போல் விடுதலை நாளைச் சுவரில் கோடிட்டு எண்ணிக்கொண்டிருக்கவும் பெரும்பாலோரால் இயலாது. வைத்தியரின் அறிக்கையும் அதிகாரிகளின் முடிவும் ஒத்துவரும் நாளே இவர்களின் விடுதலை நாள்.

கூட்டுச் சிகிச்சை என்பது யாது? எட்டுப் பேரோ பத்துப் பேரோ வட்டமாக அமர்வர். பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ உடனிருப்பர். குறித்த நாளில், குறித்த நேரத்தில், பல வாரங்களுக்குத் தொடர்ந்து சந்திப்பர். தன் துயரத்தை மற்றொருவன் வாயிலிருந்து கேட்கும்போது, தான் தனியன் அல்லன் என்பதை மனிதன் உணர்கிறான். சினம் எழும் கணத்தில் சற்று நிற்கவும், எதிரே உள்ளவன் என்ன எண்ணுகிறான் என்று சிந்திக்கவும், வேறு வழி உண்டா என்று தேடவும் பிறரோடு சேர்ந்து பழகுகிறான். இவையே அதன் அடிப்படைகள். இன்னொரு காரணத்தையும் மறைக்கலாகாது. தனித்தனியே பத்துப் பேருக்கு வேண்டிய வைத்திய நேரத்தை, கூட்டாக ஒரே வேளையில் முடித்துவிடலாம். வறிய நாடுகளுக்கு இது வரப்பிரசாதம். சிக்கன நோக்குடைய நிர்வாகங்களுக்கு இது வசதியான சாக்கு.

இம்முறையின் பிறப்பும் நோக்கத்தக்கது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் நம் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. அந்த ஆண்டின் இறுதியில், அதே பேரரசின் தலைநாட்டில், பேர்மிங்காம் நகருக்கு அண்மையிலிருந்த நோத்ஃபீல்ட் இராணுவ வைத்தியசாலையில் பியோன், றிக்மன் என்னும் இரு உளமருத்துவர்கள் ஒரு முயற்சியைத் தொடங்கினர். போரில் மனமுடைந்து வந்த சிப்பாய்களைக் குழுக்களாக்கி, விடுதியின் ஒழுங்கையும் தத்தம் குறைகளையும் அவர்களே கூடிப் பேசித் தீர்க்குமாறு செய்தனர். ஆறு வாரங்களில் மேலிடம் அதை நிறுத்திவிட்டது. பின்னர் ஃபூக்ஸ், மெயின் முதலியோர் அவ்விடத்திலேயே அதனை வேறு வடிவில் வளர்த்தெடுத்தனர். 'சிகிச்சைச் சமுதாயம்' என்ற தொடர் 1946இல் மெயினின் எழுத்தில் தோன்றியது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. ஆணைக்குப் பணிதலே அறமாகக் கருதப்பட்ட படையமைப்புக்குள், கூடிப் பேசி முடிவெடுத்தல் என்னும் சனநாயக வித்து ஊன்றப்பட்டது. அதே வேளையில், சிப்பாயைக் குணப்படுத்துவதன் நோக்கம் அவனை மீண்டும் படைக்கு உபயோகப்படச் செய்வதேயாகும். மனிதனை விடுவிக்கும் ஆற்றலும், ஏவிய இடத்தில் நிற்கச் செய்யும் ஆற்றலும் ஒரே கருவியில் பிறப்பிலேயே இணைந்திருந்தன. பின்வந்த வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலான போராட்டமே.

இலக்கியம் இப்போராட்டத்தை வைத்தியத்துக்கு முன்பே கண்டுகொண்டது. அன்ரன் செக்கோவ் 1890இல் சகாலின் தீவின் தண்டனைக் குடியேற்றத்தைக் கண்டு திரும்பும் வழியில் கொழும்பில் தங்கிச் சென்றார். இரு ஆண்டுகளின் பின், 1892இல், 'ஆறாம் வார்டு' வெளிவந்தது. சிறு நகரொன்றின் வைத்தியசாலையில், சித்தம் கலங்கியோரை அடைத்துவைக்கும் அழுக்கு மண்டிய கொட்டகை; அதன் வாயிலில் முட்டியை உயர்த்தி நிற்கும் காவலன் நிக்கீத்தா; உள்ளே குரோமவ் என்னும் படித்த நோயாளி. வைத்தியர் ராகின் அவனோடு உரையாடத் தொடங்குகிறார். துன்பம் என்பது புறத்தே இல்லை, மன அமைதி மனிதனின் உள்ளத்திலேயே உள்ளது என்று அவர் தத்துவம் பேசுகிறார். துன்பமே அறியாதவரின் சோம்பல் தத்துவம் அது என்று நோயாளி மறுக்கிறான். இறுதியில் வைத்தியரே அதே கொட்டகையில் அடைக்கப்பட்டு, அதே முட்டியால் குத்துண்டு, மறுநாள் இறந்துபோகிறார். இக்கதையைப் படித்த இளம் லெனின், தானே அந்த வார்டில் அடைபட்டிருப்பதுபோல் உணர்ந்ததாக அவருடைய சகோதரி அன்னா பதிவு செய்துள்ளார்.

செக்கோவ் நமக்குத் தரும் முதற் பாடம் இதுவே: உரையாடல் மட்டும் சிகிச்சை ஆகிவிடாது. ராகினும் குரோமவும் பேசுகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுந்து வெளியே போகிறார். மற்றவர் உள்ளே இருக்கிறார். காவலனின் முட்டி இருவருக்கும் நடுவே அசையாமல் நிற்கிறது. அம்முட்டியைத் தொடாத பேச்சு எத்துணை ஆழமாயினும் அலங்காரமாகவே எஞ்சும்.

எழுபதாண்டு கழிந்து, 1962இல், அமெரிக்க எழுத்தாளர் கென் கேசி தம் புகழ்பெற்ற நாவலான 'குயிற்கூட்டின் மேலே பறந்த ஒருவன்' வழியாக அதே விடயத்தின் மறுபக்கத்தைக் காட்டினார். இங்கே கூட்டுச் சிகிச்சை நாள்தோறும் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் அது யாருக்காக நடக்கிறது? நோயாளர் ஒருவர் பேச்சை மற்றவர் ஒட்டுக்கேட்டுப் பதிவேட்டில் எழுதுகின்றனர். தலைமைத் தாதி அதை எடுத்துக் கூட்டத்தின் நடுவே வைக்கிறாள். புண்பட்டவன் மேலும் குத்தப்படுகிறான். கூட்டம் சிகிச்சையின் பெயரால் உளவுக்கூடமாகிவிட்டது. அங்குள்ளோரில் மிகப் பலர் தாமாக வந்து சேர்ந்தவர்கள், தானோ சட்டத்தால் அடைக்கப்பட்டவன் என்பதைக் கதாநாயகன் மக்மர்பி அறியும் இடம் நாவலின் உயிர்நிலை. அதன் பிறகு, கூட்டத்தில் அவன் வாய்திறப்பதா இல்லையா என்பது விடுதலையை விலைபேசும் செயலாகிவிடுகிறது.

எனினும் கேசியின் நாவலை நாம் கண்மூடிப் போற்ற வேண்டியதில்லை. கொடுமையின் முழுச் சுமையையும் அவர் ஒரு தாதியின்மீதும் சில கறுப்பின ஊழியர்மீதும் ஏற்றிவிட்டார். மருந்தையும் மின்னதிர்ச்சியையும் சட்டத்தையும் வரவுசெலவையும் தீர்மானிக்கும் கைகள் அவருடைய சித்திரத்தில் மங்கலாகவே தெரிகின்றன. ஆண்மையின் ஆரவாரத்தை விடுதலை என்று மயங்கும் போக்கும் அதில் உண்டு. நம் நாட்டு வைத்தியசாலைகளில் இரவு பகலாகத் தேய்ந்துழைக்கும் தாதியரையும் சிற்றூழியரையும் அறிந்தவர் எவரும் இச்சித்திரத்தை அப்படியே ஏற்க மாட்டார். அமைப்பின் நோயைத் தனிமனிதரின் குணக்கேடாகக் காட்டுவது இலக்கியத்திலும் தவறு, வைத்தியத்திலும் தவறு.

கற்பனை இவ்வளவே கூறியது. உண்மையோ இதனை விஞ்சி நின்றது. கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில், பெனெற்றாங்குயிஷின் என்னும் ஊரில் இருந்த ஓக் றிட்ஜ் என்ற உயர்காவல் உளமருத்துவ நிலையத்தில், 1960களின் நடுப்பகுதியில் தொடங்கி 1980களின் தொடக்கம் வரை ஒரு கூட்டுச் சிகிச்சைத் திட்டம் நடைபெற்றது. நோயாளர்களே ஒருவர்க்கொருவர் வைத்தியர். வாரத்தின் பெரும்பகுதி நேரம் கூட்டங்களிலேயே கழிந்தது. எல்.எஸ்.டி. போன்ற மருந்துகள் கொடுக்கப்பட்டன. ஒளி அணையாத சிறு அறையொன்றில் ஆடையின்றிப் பல நாட்கள் ஒருங்கே அடைக்கப்பட்டு, சுவரிற் பொருத்திய குழாய்கள் வழியே திரவ உணவைப் பெற்றவர்களும் உண்டு. அக்காலத்தில் இது துணிச்சலான முன்னோடி முயற்சி என்று பாராட்டுப் பெற்றது!

பரிசோதனை பின்னரே வந்தது. றைஸ், ஹரிஸ், கோர்மியர் என்னும் ஆய்வாளர்கள், இத்திட்டத்தில் இருந்தவர்களையும், ஒத்த குற்றப் பின்னணியுடன் இத்திட்டத்தில் சேராது சிறையிலிருந்தவர்களையும் ஒப்பிட்டனர். சராசரியாகப் பத்தாண்டு காலப் பின்தொடர்வின் முடிவுகள் 1992இல் வெளிவந்தன. பிறர் துன்பத்தை உணராத 'மனப்பிறழ்வு ஆளுமை' உடையோர் எனக் கணிக்கப்பட்டவர்கள், இத்திட்டத்திற்குப் பின் வன்குற்றங்களில் மேலும் அதிகமாகவே ஈடுபட்டனர்; ஏனையோரிடத்தில் வன்குற்றம் குறைந்திருந்தது. இரண்டையும் கலந்து சராசரி கண்டால், திட்டத்தால் நன்மையுமில்லை, தீமையுமில்லை என்றே தோன்றும். சராசரி என்னும் திரைக்குப் பின்னே சிலர் உயர்ந்தனர், சிலர் வீழ்ந்தனர். முன்னாள் நோயாளர் தொடுத்த வழக்கில், 2020இல் ஒன்றாரியோ நீதிமன்றம் அவ்வைத்தியர்களையும் அரசையும் பொறுப்பாளிகளாகக் கண்டது. மேன்முறையீட்டில் சில பகுதிகள் மாற்றப்பட்டபோதிலும், அங்கே நிகழ்ந்தது நோயாளர்க்கு இழைக்கப்பட்ட தீங்கு என்ற வரலாற்று உண்மை நிலைபெற்றுவிட்டது.

முதலில் செய்துவிட்டு முப்பதாண்டு கழித்துச் சோதிப்பதைவிட, முதலிலேயே முறையாகச் சோதிப்பது மேல் என்பதில் ஐயமில்லை. அவ்வகையில் இங்கிலாந்தில் நடைபெற்ற ஓர் ஆய்வு கவனத்துக்குரியது. நடுத்தரக் காவல் விடுதிகளிலிருந்த, கடுமையான உளநோயும் வன்முறைப் பின்னணியும் கொண்ட 84 ஆண்கள் அதில் பங்குபற்றினர். குலுக்கல் முறையில் ஒரு சாரார் 36 அமர்வுகள் கொண்ட கூட்டுப் பயிற்சிக்கும், மறுசாரார் வழக்கமான பராமரிப்புக்கும் பிரிக்கப்பட்டனர். கலென் முதலிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பயிற்சிக் காலத்தில் வாய்ச்சண்டையும், வெளியே செல்லும் அனுமதியின் விதிகளை மீறுதலும் குறைந்தன. வாய்ச்சண்டையின் குறைவு ஓராண்டின் பின்னரும் நீடித்தது. ஆனால் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதை முடிக்கவில்லை.

குலுக்கல் முறையின் நேர்மையை நாம் மதிக்கிறோம். தனக்கு வேண்டியவரை, எளிதில் குணமாகக்கூடியவரைத் தேர்ந்தெடுத்து வெற்றி முழக்கம் செய்யும் வழியை அது அடைத்துவிடுகிறது. எனினும் மூன்று வினாக்களை எழுப்பாதிருக்க முடியாது.

முதலாவது, அளவுகோல் யாருடையது? வாய்ச்சண்டையைப் பதிவேட்டில் குறிப்பவர் விடுதி ஊழியர். விதிமீறலை வரையறுப்பது விடுதி நிர்வாகம். இவை குறைவது நன்றே. ஊழியரும் உழைக்கும் மக்களே, அவர்கள் அஞ்சாது பணிபுரிவது நோயாளர்க்கும் நன்மை. ஆனால் விடுதி அமைதியாயிற்று என்பதும் மனிதன் குணமடைந்தான் என்பதும் ஒன்றல்ல. வகுப்பறையின் நிசப்தத்தைக் கல்வியின் அடையாளம் என்று கொள்ளும் மேலதிகாரிகளை ஆசிரியர்கள் நன்கறிவர். அஞ்சி அடங்கிய வகுப்பும் ஆழ்ந்து கற்கும் வகுப்பும் தாழ்வாரத்தில் நடந்து செல்பவர் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இரண்டாவது, விலகிய பாதிப்பேர் யாவர்? அவர்களை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிட்டு, முடித்தவர்களை மட்டும் கணக்கிட்டால் பலன் பெரிதாகத் தோன்றும். ஆனால் முடித்தவர் என்போர் முன்னரே நிதானம் உடையவராக இருந்திருக்கலாம். நேர்மையான ஆய்வு ஒதுக்கப்பட்ட அனைவரையும் இறுதிவரை கணக்கில் வைத்திருக்கும். அதற்கும் மேலாக, ஏன் விலகினீர் என்று அவர்களையே கேட்கும். விலகியவனின் சொல்லும் ஆய்வின் முடிவே.

மூன்றாவதும் முதன்மையானதும், சம்மதம் என்பது யாது? அடைக்கப்பட்டிருப்பவனிடம், விரும்பினால் சேரலாம், விரும்பாவிடின் வேண்டாம் என்று கூறி ஒப்பம் பெறுகிறார்கள். சேர்ந்தால் விடுதலை விரையும், சேராவிடில் தாமதமாகும் என்று எவரும் சொல்லாமலே அவன் அறிவான். மக்மர்பி அறிந்தது அதைத்தான். ஆகவே சேர்வதும் மறுப்பதும் விடுதலை பற்றிய முடிவை எவ்வகையிலும் பாதியாதவாறு ஏற்பாடு வேண்டும். கூட்டத்தில் சொல்லப்படுவது எதுவரை இரகசியம், எது வைத்திய அறிக்கைக்குச் செல்லும் என்பது முதல் நாளே நோயாளிக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். அஃதில்லாத இடத்தில் ஒப்பம் என்பது வெறும் மை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1873இல் குடியேற்ற ஆட்சியாளர் இயற்றிய சித்தசுவாதீனமற்றோர் பற்றிய கட்டளைச் சட்டம், திருத்தங்களோடு அடுத்த நூற்றாண்டு முழுவதும் நம் உளமருத்துவத்தை ஆண்டது. அடைத்து வைப்பதே அதன் ஆதார சுருதி. அங்கொடை என்ற ஊர்ப் பெயரே ஏச்சுச் சொல்லாகிப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2005இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, சேவைகளை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்வதை இலட்சியமாகக் கொண்டது. அங்கொடை வைத்தியசாலை 2008இல் தேசிய உளநல நிறுவனமாயிற்று. நீதிமன்றங்கள் அனுப்பும் நோயாளர்க்கான பிரிவும் அங்கேயே அமைந்தது.

திருகோணமலையிலிருந்து அவ்விடம் 250 கிலோமீற்றருக்கும் அதிக தொலைவில் உள்ளது. உட்துறைமுகக் கரையில் வலை இழுக்கும் ஒருவனின் மகன் அங்கே அனுப்பப்பட்டால், ஒரு நாள் பார்வையிடச் செல்வதற்கு இரண்டு நாட் கூலியை அக்குடும்பம் இழக்கும். மேலும் ஒன்றை நோக்குக. ஊசிமருந்துக்கு மொழி வேண்டியதில்லை. கூட்டுச் சிகிச்சையிலோ மொழியே மருந்து. வட்டமாக அமர்ந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் சிங்களத்திற் பேச, தமிழ் மட்டும் அறிந்த ஒருவன் அமர்ந்திருந்தால் அவன் பெறுவது யாது? அவனுடைய மௌனத்தை நோயின் குறியாகப் பதிந்துகொள்ளும் அபாயமும் உண்டன்றோ? 1956இன் மொழிச் சட்டம் கந்தோர்களையும் பாடசாலைகளையும் பிரித்த கதையை நாம் நிறையவே பேசியுள்ளோம். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியென ஏற்றது. அவ்வேற்பு நோயாளியின் கட்டிலண்டை வந்து சேர்வதே அதன் உண்மையான சோதனை. சிங்களம் மட்டும் அறிந்த ஏழை நோயாளி ஒருவன் தமிழ் விடுதியில் இருந்தாலும் இதே நியாயம்தான்.

நம் மண்ணில் கூட்டு உளச்சிகிச்சையைக் குலுக்கல் முறையில் சோதித்த முயற்சியும் உண்டு; அது காவல் விடுதியில் நடைபெற்றதன்று, பாடசாலையில் நடைபெற்றது. போர் ஓயாத காலத்தில், வடபகுதிச் சிறுவர்கள் 399 பேரிடையே 15 அமர்வுகள் கொண்ட வகுப்பறைத் திட்டமொன்று நடத்தப்பட்டது. உள்ளூரில் பயிற்றப்பட்டவர்களே அதை நடத்தினர். றொல் முதலியோர் 2012இல் வெளியிட்ட முடிவுகள் நம்மைச் சிந்திக்க வைப்பவை. முதன்மையாக எதிர்பார்த்த பயன்கள் ஒட்டுமொத்தமாகக் கிட்டவில்லை. நடத்தைக் குறைபாடுகள் குறைந்தன. ஆண்பிள்ளைகள் சிலவற்றில் கூடிய பயன் பெற்றனர். பெண்பிள்ளைகளிடத்திலோ, திட்டத்திற்காகக் காத்திருந்தவர்களைவிடத் திட்டத்தில் பங்குபற்றியவர்களுக்குப் போர் அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைந்த அளவிலேயே தணிந்தன. அன்றாட நெருக்கடி குறைவாயிருந்த பிள்ளைகளுக்கே பயன் கூடுதலாக இருந்தது.

இங்கும் அதே பாடந்தான். 'பலன் தருமா?' என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. 'யாருக்கு, எந்நிலையில், எவர் இழப்பில்?' என்பதே முழுக் கேள்வி. பாதகமான முடிவையும் மறையாது வெளியிட்ட அவ்வாய்வாளர்களின் நேர்மை பாராட்டுக்குரியது. வெளியே ஷெல் விழுந்துகொண்டிருக்கையில் உள்ளே வட்டமாக அமர்ந்து பயத்தைப் பற்றிப் பேசினால், அந்தப் பேச்சுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அது உணர்த்துகிறது.

திருகோணமலையார்க்கு இவ்வெல்லை நன்கு தெரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் எம்மைத் தாக்கியது; இயற்கையின் செயல் என்று அழுது ஆறுவதற்காவது அதில் இடமிருந்தது. 2006 ஜனவரி 2இல் இந்நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். சந்தேகநபர்களான 13 அதிரடிப் படையினர் 2019 ஜூலையில் போதிய சான்றில்லை என நீதவானால் விடுவிக்கப்பட்டனர். இத்தகைய காயத்தைச் சுமப்போரிடம் வட்டமாக அமர்ந்து மனத்தை ஆற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும் கூறுவது, வைத்தியர் ராகினின் தத்துவத்தையே திரும்ப ஓதுவதாகும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் தனிமனிதரின் காயத்தோடு நில்லாது, காயமுற்ற சமுதாயங்களைப் பற்றி எழுதலானது இந்த அனுபவத்தினாலேயே.

அப்படியாயின் கூட்டுச் சிகிச்சையே வேண்டாம் என்பது நம் முடிவா? அன்று. தனித்தனியே ஒடுங்கிக் கிடப்போர் கூடிப் பேசத் தொடங்குவது எங்கு நிகழ்ந்தாலும் அதில் விடுதலையின் வித்து உண்டு என்று நம்புபவர்கள் நாம். அதனாலேயே அவ்வித்து நச்சு நிலத்தில் ஊன்றப்படலாகாது என்கிறோம். நம் நாட்டிலும் காவலுடன் கூடிய உளநல விடுதிகளில் இம்முறை சோதிக்கப்படுதல் வேண்டும். அது நோயாளியின் தாய்மொழியில் நடைபெறுதல் வேண்டும். மறுப்பவன் தண்டிக்கப்படலாகாது. விலகியவனும் கணக்கில் இருத்தல் வேண்டும். விடுதியின் அமைதியோடு, நோயாளி தன் வாழ்வைப் பற்றித் தானே கூறுவதும் அளவுகோலாதல் வேண்டும். ஆணும் பெண்ணும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தனித்தனியே என்ன பயன் பெற்றனர் என்பது வெளியாதல் வேண்டும். விடுதலையான பின் அவனை ஏற்கத் தொழிலும் வீடும் உறவும் உண்டா என்பது இறுதிச் சோதனை.

எழுத்தாளர்க்கும் இதில் கடமை உண்டு. எருக்கமாலை சூடிப் புகார் வீதியில் திரிந்த பித்தனை ஊரார் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்த காட்சியைச் சாத்தனார் தீட்டினார். அந்த வேடிக்கைப் பார்வை நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் நெடுங்காலம் நீடித்தது. அதனை உடைத்தவர்கள் சிலரே. தம் செவிகளில் ஓயாது ஒலித்த குரல்களின் வதையை 'காதுகள்' நாவலாக்கிய எம்.வி. வெங்கட்ராம் ஒருவர். மனநோயாளரின் வாழ்வை 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்ற நூலில் பரிவோடு பதிந்த கோபி கிருஷ்ணன் மற்றொருவர். நம் ஈழத்து எழுத்து இத்துறையில் செய்ய வேண்டியது மிகுதி.

மணிமேகலை சிறைக்குள் நுழைந்தபோது முதலிற் செய்தது உபதேசம் அன்று. பசித்தவர் யாரென்று பார்த்து உணவிட்டாள். உள்ளே இருப்போரின் பசி எது என்பதை அவர்களிடமே கேட்டறிந்து, அவர்கள் கூறிய விடையை நாட்டின் முன் வைக்கும் பரிசோதனையே மெய்யான பரிசோதனை. அதனைக் கோரும் உரிமையும் பொறுப்பும் வைத்தியர்க்கு மட்டும் உரியன அல்ல. மக்கள் அனைவர்க்கும் உரியன.